எட்டு மணிக்கு முன் சரக்கு இறக்கக் கூடாது

எங்கள் குடியிருப்பில் ஒரு மனு சுற்றுக்கு விடப்பட்டது. கீழ்த்தள உணவகங்களுக்குச் சரக்கு கொண்டுவரும் லாரிகள் காலை எட்டு மணிக்கு முன் பின்புறச் சந்துக்குள் நுழையக் கூடாது என்று நிர்வாகக் குழு விதி கொண்டுவர வேண்டும் என்பது அதன் சாரம். மொழி கண்ணியமாக இருந்தது. கைக்குழந்தைகள், முதியவர்கள், இரவுப் பணி முடித்து வருபவர்கள் என்று சொல்லப்பட்ட காரணங்களும் நியாயமானவையே. கையெழுத்திட்டவர்களில் பலர் எனக்குப் பழக்கமானவர்கள், மின்தூக்கியில் முகம் பார்த்துச் சிரிப்பவர்கள். நானும் அந்தச் சத்தத்தில் கண்விழிப்பவன்தான். இருந்தும் கையெழுத்திட மனம் வரவில்லை, மறுத்துச் சொல்லவும் உருப்படியான காரணம் ஒன்றும் கையில் இல்லை. சிங்கப்பூர் ஆற்றங்கரையில், ராபர்ட்சன் கீ என்ற பழைய படகுத்துறையில், சரக்கு ஏற்றி இறக்குவதற்காகவே உருவான ஓர் இடத்தில் வீடு வாங்கிக் குடியிருந்துகொண்டு, சரக்கு இறக்கும் சத்தம் காதில் விழுகிறது என்று புகார் எழுதுவது எனக்கு எங்கோ உறுத்தியது.

ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து வந்தால் முதலில் போட் கீ, அடுத்தது கிளார்க் கீ, கடைசியாக எங்கள் பகுதி. முதல் இரண்டும் சுற்றுப்பயணிகளுக்கானவை. மேற்கே தள்ளியிருக்கும் ராபர்ட்சன் கீயில்தான் மக்கள் பெருமளவில் குடியிருக்கிறார்கள். அரிசி ஆலை, மரம் அறுக்கும் பட்டறை, படகு பழுதுபார்க்கும் இடம், கிடங்கு என்று இருந்த கரை இது. அந்தக் கிடங்குகளில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டுவிட்டன. எஞ்சிய சில, அடுக்குமாடிகளின் முன்னால் முக்கோண முகப்போடு நிற்கின்றன. எங்கள் வளாகமும் அந்த வகைதான். முன்னால் ஓடு வேய்ந்த கிடங்கு வரிசை, அதனுள் உணவகங்கள், பின்னால் நாங்கள் வசிக்கும் கோபுரம், இரண்டுக்கும் இடையே கருங்கல் பாவிய ஒரு சந்து. வரவேற்புக் கூடத்தில் சுவரளவுக்குப் பெரிதாக்கிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. தொங்கான் என்ற சரக்குப் படகிலிருந்து கரைக்குப் போட்ட ஒற்றைப் பலகையில், முதுகில் மூட்டையோடு கூலிகள் வரிசையாக ஏறிவருகிறார்கள். அதே சுவரில், படத்துக்குப் பக்கத்திலேயே, விநியோக ஊழியர்கள் சேவை மின்தூக்கியை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற அறிவிப்பும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து மாட்டியவருக்கு வேறு எண்ணம் இருந்திருக்காது, அங்கே இடம் இருந்திருக்கும்.

அழுக்கு காத்த சுவர்கள்

இந்தக் கிடங்குகள் எப்படித் தப்பின என்ற கேள்வி நான் இங்கே வருவதற்கு முன்பே என்னிடம் இருந்தது. என்னைப் போன்ற தமிழருக்கு அந்தக் கேள்வி மார்க்கெட் ஸ்திரீட்டிலிருந்துதான் தொடங்கும். அங்கே நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான கூடம், இருபுறமும் ஆளுக்கொரு பாய், சாய்வுமேசை, இரும்புப் பெட்டகம். பகலில் அங்கேயே கொடுக்கல் வாங்கல், இரவில் அங்கேயே படுக்கை. ஆற்றங்கரை வணிகத்துக்குக் கடனாகப் போன பணத்தில் ஒரு பகுதி அந்தக் கூடங்களிலிருந்து வந்தது. நகர மையம் நிதி வட்டாரமாக மாறிய காலத்தில் அவை இடிபட்டன. இன்று அந்தத் தெருவில் கண்ணாடிக் கோபுரங்கள்தான் இருக்கின்றன. கிட்டங்கிகள் போய்விட்டன, அவற்றுக்கு எட்டிய தூரத்தில் இருந்த ஆற்றங்கரைக் கிடங்குகளில் ஒரு பகுதி நின்றுவிட்டது. கட்டடக்கலை மதிப்பு என்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வரலாற்று மதிப்பு என்றால் கிட்டங்கியின் பக்கம்தான் தராசு சாயும்.

வேறுபாடு நிலத்தின் விலையில் இருந்தது என்பது என் துணிபு. மார்க்கெட் ஸ்திரீட் விலை உயர்ந்த நிலம், அங்கே பழையது நிற்க முடியாது. ஆறோ நாறிக்கொண்டிருந்தது. பன்றிப் பண்ணைக் கழிவு, அங்காடிக் கடைகளின் எச்சம், படகுகளின் எண்ணெய் எல்லாம் அதில்தான் கலந்தன. மேல் ஆற்றில், மூக்கைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய கரையில், யார் கோபுரம் கட்டுவார்கள்? அதனால் கிடங்குகள் கிடங்குகளாகவே நீடித்தன. 1977 பிப்ரவரியில், பத்தே ஆண்டுகளில் இந்த ஆற்றில் மீன்பிடிக்க முடிய வேண்டும் என்று பிரதமர் லீ குவான் இயூ இலக்கு வைத்த பிறகுதான் துப்புரவு தொடங்கியது. 1972இலேயே தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறந்தாகிவிட்டது. கப்பலிலிருந்து படகுக்கும் படகிலிருந்து கிடங்குக்கும் மூட்டை மாற்றும் தொழிலுக்கு அப்போதே நாள் குறிக்கப்பட்டுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். 1983இல் ஏறக்குறைய 800 தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. 1987இல் துப்புரவு முடிந்தது. 1989இல் போட் கீயும் கிளார்க் கீயும் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன. வரிசையைக் கவனித்தால் விஷயம் புரியும். கட்டடங்களைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அரசுக் கொள்கையாகத் திரண்ட வேளையில், காப்பதற்குக் கட்டடம் மிஞ்சியிருந்த இடங்களில் இந்த ஆற்றங்கரையும் ஒன்று. அது மிஞ்சியதற்கு அழுக்குக்கும் பங்கு உண்டு.

ஆறு தூய்மையானதும் விலை ஏறியது. முதலில் வந்தவர்கள் வாடகை மலிவு என்பதற்காகவும் அக்கம்பக்கத்தில் யாரும் குடியில்லை என்பதற்காகவும் வந்தவர்கள். இரவில் எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்க ஆளில்லாத இடம் கிடங்குதான். ஹேவ்லாக் ரோட்டில் 1895இல் கட்டிய கிடங்கு ஒன்று 1980களில் நடனக்கூடமானது, 2017இல் தங்கும் விடுதியானது. ஜியாக் கிம் ஸ்திரீட்டின் மூன்று கிடங்குகளில் 1991இல் ‘ஸூக்’ இரவு விடுதி தொடங்கி, கால் நூற்றாண்டு இளைஞர்களை ஆடவைத்துவிட்டு, கிளார்க் கீக்கு இடம்பெயர்ந்தது. அந்தக் கிடங்குகள் இப்போது ஓர் உயர்மாடிக் குடியிருப்பின் முற்றத்தில் நிற்கின்றன. 2002இல் ஓர் அச்சுக்கலைக் கூடமும் இன்னொரு கிடங்குக்குள் வந்தது. மூட்டை, பிறகு இசை, பிறகு கலை, பிறகு படுக்கையறை என்ற இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிடச் சற்று அதிகம் அமைதியை எதிர்பார்க்கிறது. எங்கள் மனு அந்தப் படிக்கட்டின் அடுத்த படி.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனுவோடு நேரடித் தொடர்பில்லை. தொங்கான்களை விரட்டிய ஆற்றின் குறுக்கே தொங்கான் வடிவில் ஒரு நடைபாலம் கட்டியிருக்கிறார்கள். அல்காஃப் பாலம் என்று பெயர். 2004இல் பிலிப்பீன்ஸ் ஓவியர் பசித்தா அபாட் அதற்கு 55 வண்ணங்களில் வட்டங்களும் பட்டைகளுமாகத் தீட்டினார். அழகான பாலம்தான், தினமும் அதன் வழியாகத்தான் நான் நடக்கிறேன். படகை வெளியேற்றிவிட்டு அதன் வடிவத்தை மட்டும் ஆற்றுக்கு மேலே நிறுத்திக்கொள்ளும் கலை இந்த ஊருக்கு நன்றாகக் கைவந்திருக்கிறது என்று அப்போதெல்லாம் தோன்றும்.

சந்தில் ஒரு காலை

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதையாவது தெரிந்துகொண்டு பேசுவோம் என்று ஒருநாள் ஆறரை மணிக்குக் கீழே இறங்கினேன். கைப்பேசியில் பதிவு செய்வதாகவும் ஓர் எண்ணம் இருந்தது. சந்தில் ஒரு லாரி நின்றது. ஓட்டுநர் வயதான சீனர், இருக்கையை விட்டு இறங்கவில்லை. உதவியாள் முப்பது வயது மதிக்கத்தக்க தமிழர், பின்தட்டிலிருந்து எஃகுப் பீப்பாய்களை ஒவ்வொன்றாக இறக்கி இருசக்கரத் தள்ளுவண்டியில் சாய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது லிட்டர் பீர் கொள்ளும் பீப்பாய். வண்டி நகர்ந்ததும் அந்தச் சத்தம் எழுந்தது. மேலே என் படுக்கையறையில் கேட்பது மழுங்கிய உறுமல். இங்கே பக்கத்தில் நின்று கேட்டால் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகக் கேட்டது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விரல் அகலத்தில் இடைவெளி. கெட்டி ரப்பர் சக்கரம் ஒவ்வோர் இடைவெளியிலும் இறங்கி ஏற, மேலே பீப்பாய் தள்ளுவண்டியின் இரும்புச் சட்டத்தில் மோதியது.

“என்னண்ணே, தூக்கத்தைக் கெடுத்துட்டமா?” என்று அவரே பேச்சைத் தொடங்கினார். பதில் சொல்லத் தெரியாமல் நான், “பசியாறியாச்சா தம்பி?” என்று கேட்டுவைத்தேன். எல்லைக்கு அப்பால் மலேசியாவில் இருக்கும் ஜோகூர் பாருவிலிருந்து தினமும் வருகிறாராம். சிங்கப்பூரில் இது புதுமையில்லை, மோட்டார்சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து விடியுமுன் இங்கே வந்து சேருகிறவர்கள் ஏராளம். எட்டு மணிக்கு மேல்தான் சரக்கு இறக்க வேண்டும் என்று விதி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“எங்களுக்கு ஒன்னும் இல்லண்ணே. கம்பெனி வேற கடைக்கு முதல்ல அனுப்பும், இங்க பின்னாடி வருவோம். ஆனா நான் எழும்புறது அதே மூனு மணிதான். பாலத்த எட்டு மணிக்குத் தாண்ட முடியுமா? நாலரைக்கு மேல மோட்டார் லைன்ல மாட்டுனா அவ்ளோதான்.”

பேசிக்கொண்டே இன்னொரு பீப்பாயைச் சாய்த்தார். இந்தச் சந்தில் மட்டும் ஏன் இவ்வளவு சத்தம் என்று கேட்டேன். “கல்லுதாண்ணே. மத்த எடத்துல சிமெண்டுத் தரை. இதே டிராலி, இதே பேரல், சத்தமே வராது. இங்க மட்டும் அழகுக்குக் கல்லு போட்டிருக்காங்க.” பிறகு தலையை நிமிர்த்தி எங்கள் கோபுரத்தைப் பார்த்தார். “அந்த நாலாவது மாடி, மணிபிளாண்ட் தொங்குதே, அது உங்க வீடா?” என்றார். அதுதான் என் வீடு. “அங்க லைட் எரிஞ்சா நான் டிராலியத் தள்ள மாட்டேன், திரும்பி நின்னு இழுப்பேன். தள்ளுனா சத்தம் கூட. இழுத்தா கொஞ்சம் கொறையும், ஆனா லேட்டாகும்.”

இந்த இடத்தில்தான் எனக்குள் ஒன்று புரண்டது. சந்துக்கும் எனக்கும் உள்ள உறவு காதின் வழியாக மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். கீழே வேலை செய்கிற ஒருவர் என் சன்னலைப் பார்த்து, விளக்கை வைத்துக் கணக்கிட்டு, தம் முதுகின் செலவில் எனக்கு அமைதி செய்து தந்திருக்கிறார். நாங்கள் மனுவில் கேட்டிருந்த நாகரிகம், கேட்பதற்கு முன்பே, ஓர் எல்லைவரை நடைமுறையில் இருந்தது. எங்கள் தரப்பில் யாருக்கும் அது தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நாங்கள் அவரைச் சந்திக்கக் கூடாது என்பதற்காகத்தானே சேவை மின்தூக்கி என்று ஒன்று இருக்கிறது.

முழுப் பீப்பாய் எவ்வளவு கனம் என்று கேட்டேன். “அறுபது கிலோவுக்கு மேல வரும். தூக்கிப் பாருங்க” என்றார். தூக்க முடியவில்லை, விளிம்பைப் பிடித்து ஒரு பக்கம் சாய்ப்பதற்குள் இடுப்பு பேசியது. அந்த எண் எனக்கு வேறோர் இடத்திலிருந்து பழக்கமானது. இந்த ஆற்றில் சரக்கு அளந்த நாள்களில் பிக்கல்தான் எடை அளவு. ‘கட்டி’ என்ற சிறிய எடை 100 சேர்ந்தால் ஒரு பிக்கல், ஏறத்தாழ 60.5 கிலோ, தோளில் கம்பு போட்டு ஓர் ஆள் சுமக்கக்கூடிய பாரம் என்று மரபாகக் கொள்ளப்பட்டது. கொள்கலனும் பாரந்தூக்கியும் கணினியும் வந்து உலக வாணிகமே தலைகீழாகிவிட்டது. கப்பலில் இருந்து துவாஸ், ஜூரோங் பக்கத்து நவீனக் கிடங்கு வரைக்கும் பெரும்பாலும் மனிதத் தோள் படாமல் சரக்கு வந்துவிடுகிறது. ஆனால் கடைசி நாற்பது அடி, அதாவது லாரியின் பின்தட்டிலிருந்து பழைய கிடங்கின் வாசல் வரைக்குமான தூரம், இன்னமும் ஒரு மனித உடம்பு ஒரு பிக்கலை நகர்த்தும் தூரமாகவே இருக்கிறது. வரவேற்புக் கூடத்துப் படத்தில் இருக்கும் வேலை முடிந்துபோன வேலையல்ல, நாங்கள் விழிப்பதற்கு முன் நடந்து முடிகிற வேலை.

மேலே வந்து அந்தப் படத்தை இன்னொரு முறை நின்று பார்த்தேன். கூலிகள் ஏறிவரும் கரையில் கருங்கல் பாவு எதுவும் தெரியவில்லை. மிதிபட்டு இறுகிய மண்ணும் பலகைகளும்தான் தெரிந்தன. எங்கள் சந்தின் கல், பழைய தோற்றத்துக்காகப் புதிதாகப் போட்டது. பழைய ஆற்றங்கரை இப்படித்தான் இருந்திருக்கும் என்று வடிவமைப்பாளர் கற்பனை செய்த ஒன்றின் மேல் தள்ளுவண்டி உருளும்போது எழுகிற சத்தத்துக்குத்தான் நாங்கள் ஜோகூர் பாருக்காரர் மேல் மனு எழுதிக்கொண்டிருந்தோம்.

நேரம் யாருடையது

ஆற்றில் சரக்கு இறக்கும் நேரத்தை ஒரு காலத்தில் கடல் தீர்மானித்தது. நீர் வற்றினால் படகு சேற்றில் தட்டும், நீர் ஏறினால் கேவனா பாலத்தின் அடியில் நுழைய முடியாது. இரண்டுக்கும் இடைப்பட்ட பொழுதுக்குக் காத்திருந்து, அது பகலோ இரவோ, அப்போது வந்து சேர்ந்த படகைத்தான் இறக்க வேண்டும். தொடக்கக் காலத்தில் அந்தப் படகுகளைச் செலுத்தியவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். சூலியா ஸ்திரீட் என்ற பெயர் அவர்களால் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தத் தொழில் ஹொக்கியன், தியோசியூ சீனர்களின் கைக்குப் போனது. வேலை முடிந்த மாலையில் ரீட் பாலத்தருகே கதைசொல்லிகள் விளக்கேற்றி உட்கார்வார்கள், ஊதுபத்தி எரிந்து முடியும் வரை ஒரு பகுதி, தொடர்ந்து கேட்க வேண்டுமானால் மறுபடி காசு. 2008இல் மரினா அணைக்கட்டு திறந்ததிலிருந்து ஆற்றுக்கு ஏற்றமும் இல்லை, வற்றலும் இல்லை. நன்னீர்த் தேக்கமாக அசையாமல் கிடக்கிறது. கடலிடமிருந்து எடுத்த அந்த அதிகாரத்தைத்தான் இப்போது எங்கள் நிர்வாகக் குழு கையில் எடுக்கப் பார்த்தது.

கூட்டத்துக்குப் போனேன். நேரத்தை மாற்றுவதற்குப் பதிலாகத் தரையை மாற்றலாம் என்று ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். லாரி நிற்கும் இடத்திலிருந்து உணவக வாசல்கள் வரை தள்ளுவண்டி அகலத்துக்கு ரப்பர் பாதை போட்டால் போதும் என்பது யோசனை. பேசியவர்களில் இருவருடைய பேச்சு நினைவில் நிற்கிறது. ஒருவர் மருத்துவமனைத் தாதி. இரவுப் பணி முடிந்து காலை ஆறு மணிக்கு வீடு திரும்பி, கண் அயரும் நேரத்தில்தான் லாரி வருகிறது என்றார். “இங்கே எல்லாரும் கொஞ்சம் முன்னதாக எழுப்பப்படுகிறீர்கள். நான் தூங்கவே தொடங்கவில்லை” என்றார். இதற்கு என்னிடம் மறுமொழி கிடையாது. சரக்கு இறக்குகிறவரின் உடம்பைப் பற்றிப் பேசிவிட்டு நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிவிட்டு வரும் உடம்பை ஒதுக்கிவிட முடியாது. இன்னொருவர் வீட்டு விலையைப் பற்றிப் பேசினார். காலையில் லாரி நிற்கும் சந்து என்றால் வாங்க வருகிறவர்கள் யோசிப்பார்கள் என்றார். அதே மனிதர் அடுத்த தீர்மானத்தில், வெள்ளி, சனி இரவுகளில் உணவகங்களின் வெளிப்புற இருக்கைகளை இன்னும் சற்று நேரம் அனுமதிக்கலாம் என்று கை தூக்கினார். சிரிப்பும் கிளாஸ் மோதும் சத்தமும் வட்டாரத்தின் துடிப்பு என்பது அவர் வாதம். துடிப்பு வேண்டும், அதற்கான பீர் மட்டும் ஓசையில்லாமல் வந்து இறங்க வேண்டும்.

எது சத்தம், எது துடிப்பு என்ற பாகுபாடு சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் புதிதல்ல. எங்கள் வளாகத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் இருக்கிறது, 1859இல் செட்டியார்கள் எழுப்பியது. தைப்பூசக் காவடிகள் சிராங்கூன் ரோட்டிலிருந்து வந்து சேரும் இடம் அது. அந்த ஊர்வலத்தில் இசைக்கருவி வாசிப்பதற்கு 1973 முதல் தடை இருந்தது. 2016இல்தான் வழியில் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது, அதன் பிறகு படிப்படியாகத் தளர்ந்தது. உறுமியும் தள்ளுவண்டியும் ஒன்றல்ல, தடைக்கும் அதற்கான காரணங்கள் சொல்லப்பட்டன. ஆனால் ஒரு சத்தம் எந்தப் பட்டியலில் சேர்கிறது என்பது அது எத்தனை டெசிபெல் என்பதை மட்டும் பொறுத்ததில்லை என்பதை அந்த நாற்பது ஆண்டுகள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தன. கூட்டத்தில் இதைச் சொல்ல வாயெடுத்தேன். தமிழர் பிரச்சினையாகத் திரும்பிவிடும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன். தள்ளுவண்டியைப் பற்றிய பேச்சு தள்ளுவண்டியைப் பற்றியதாகவே இருந்தால்தான் ஏதாவது நடக்கும்.

முடிவு இரண்டுங்கெட்டானாக வந்தது. எட்டு மணி கேட்டிருந்தார்கள், ஏழரை மணி என்று சமரசமானது. ரப்பர் பாதை ஏற்கப்படவில்லை. பாதுகாக்கப்பட்ட கிடங்குகளை ஒட்டிய சந்தின் தோற்ற ஒருமையை அது குலைக்கும் என்று ஆலோசகர் கருத்துத் தெரிவித்திருப்பதாகச் சொன்னார்கள். கல்லுக்கு இருந்த பாதுகாப்பு அங்கிருந்த வேறு எதற்கும் இருக்கவில்லை. அந்தக் கல்லின் வயது என்ன என்று கேட்டேன். கூட்டக் குறிப்பில் கேள்வி பதிவாகியிருக்கிறது.

விதி நடைமுறைக்கு வந்தது. ஜோகூர் பாருக்காரர் சொன்னபடியே நடந்தது. லாரி முதலில் வேறு கடைகளுக்குப் போய்விட்டு எங்களிடம் கடைசியில் வருகிறது. அவர் எழுவது அதே மூன்று மணி. ஏழரைக்குச் சந்தில் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவிடும் கார்களும் சேர்ந்துகொள்வதால் நெரிசல் கூடி, ஒரு கடைக்கு முன்பைவிட அதிக நேரம் பிடிக்கிறது என்றார். தாதி இப்போது ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறார், அதையும் மறுக்க முடியாது. அவரும் நானுமாகச் சேர்ந்து ஓர் உணவக மேலாளரிடம் பேசினோம். காற்றடைத்த சக்கரம் பொருத்திய தள்ளுவண்டி ஒன்றைக் கடைச் செலவில் வாங்கி வாசலிலேயே வைத்திருக்க அவர் ஒப்புக்கொண்டார். கல்லுக்கும் பங்கமில்லை, ஆலோசகருக்கும் வேலையில்லை. லாரியிலிருந்து இறங்கும் பீப்பாய் இப்போது அதில்தான் போகிறது, உறுமல் பாதியாகக் குறைந்திருக்கிறது. டயரில் கண்ணாடிச் சில்லு குத்தினால் ஒட்டுப்போட வேண்டும், காற்றும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கால்பம்பு ஒன்றை வாங்கிக் காவலர் அறையில் வைத்திருக்கிறோம். பக்கத்துக் கடைக்காரர் செலவு அதிகம் என்று இன்னும் பழைய வண்டியைத்தான் உருட்டுகிறார். இரவு கடை மூடும்போது காலிப் போத்தல்களைத் தொட்டியில் மொத்தமாகக் கொட்டுகிற சத்தத்துக்கு என்ன செய்வதென்று மட்டும் எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தொட்டியின் உட்புறம் பழைய டயர் ரப்பரைப் பதித்துப் பார்க்கலாம் என்கிறார் ஜோகூர் பாருக்காரர்.